ஃபைபர் பரிசல்: ஏரி மீன்பிடிக்கு எப்படி?

காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரிக்கு ஏழடி ஃபைபர் பரிசல் நல்ல சாமான். மூங்கில் பரிசல்போலத் தார் பூசிக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால் லேசாக இருப்பதால், காற்று அடித்தால் துடுப்புக்கு அடங்காமல் சுற்றும்.

தனியாகப் போகிறவர் முன்விளிம்பில் மண்டியிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, உருளாமல் கட்டிவிடுங்கள். 20 கிலோ பாரம் கிடைக்கும். மணல் மூட்டையைவிட இது மேல். மீன் ஏற ஏறக் கொட்டிக்கொள்ளலாம், கவிழ்ந்தாலும் அடியில் இழுக்காது.

மீன் கூடை நடுவில், தரையோடு இருக்கட்டும். வலை இழுக்கும்போதுதான் ஆபத்து. இழுப்பவர் எழுந்து நிற்கவே கூடாது. இருவராகப் போனால் துடுப்புக்காரர் எதிர் விளிம்புக்கு நகர வேண்டும். ஈர வலையிலிருந்து வடியும் தண்ணீரை அவ்வப்போது சொம்பால் இறைத்துவிடுங்கள். விட்டால் சாய்ந்த பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும்.

வாங்கும்போது அடிப்பாகம் முழுக்க விரலால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே ஃபைபர் பாய் (கண்ணாடியிழை விரிப்பு) சரியாக ஒட்டவில்லை, அதை எடுக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.