சேதுச் சீமை: காப்பியமா, கோவையா, நொண்டி நாடகமா?

17ஆம் நூற்றாண்டிலும் அதையொட்டியும் சேதுச் சீமை எனப்படும் ராமநாதபுரக் கரையோரத்தில், புரவலர்களை நம்பிப் பல வகை நூல்கள் எழுந்தன. ஒவ்வொரு வகையும் இந்த மண்ணில் எதைப் பார்க்கவிடும், எதை மறைக்கும் என்பதுதான் கேள்வி.

கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஊக்கத்தில் உமறுப் புலவர் தொடங்கியது சீறாப்புராணம், நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடும் காப்பியம். மூன்று காண்டம், 5027 விருத்தம். விருத்தத்தில் எழுத்தெண்ணும் கட்டாயம் இல்லை. ஓசையைப் படலத்துக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். நீண்ட கதைக்கு இதுவே வசதி. ஆனால் நாட்டுப் படலம், நகரப் படலம் பாடாமல் காப்பியம் நகராது. அந்த மரபு இழுத்த இழுப்பில் அரபு நாட்டிலும் மழை பொழிந்து வயல் விளைகிறது! கீழக்கரையின் உப்புக்காற்றைத் தேடி இதைப் புரட்டினால் மருதம்தான் கிடைக்கும்.

காதல் நிகழ்ச்சிகளை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை இதற்கு நேர் எதிர். களவு (மறைவான காதல்) தொடங்கிக் கற்பு (மண வாழ்க்கை) வரை 400 பாடல் என்பது பொது வழக்கு. ராமநாதபுர மன்னர் ரகுநாத சேதுபதி மேல் அமிர்தகவிராயர் பாடிய ஒருதுறைக் கோவையோ, நாணத்தால் தலைவி கண்ணைப் பொத்துகிற ஒரே துறையை, அதாவது ஒரே காதல் சூழலை, வைத்து 400 பாடலையும் ஓட்டிவிடுகிறது. அதுவும் கட்டளைக் கலித்துறையில்: அடிக்கு ஐந்து சீர், சீர்களை இணைக்க வெண்பாவுக்குரிய வெண்டளை, முடிவில் ஏகாரம். அடி நேரசையில் (‘சே’ போல ஓரெழுத்து அசை) தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் (‘இரா’ போல ஈரெழுத்து அசை) தொடங்கினால் 17. ‘சேதுக்கரை’ என்று தொடங்கும் அடிக்கு 16. ‘இராமேச்சுரம்’ என்றால் 17. புதிதாக எண்ணுகிறவர்கள் சறுக்குவது புள்ளி எழுத்தில்தான். ‘சேதுக்கரை’யில் க்-ஐ விட்டுவிட வேண்டும், சே, து, க, ரை என நான்குதான். இந்தக் கணக்கைப் போடாமல் படித்தால் 400ம் ஒன்றுபோலத் தோன்றிச் சலித்துவிடும்.

நொண்டி நாடகத்தில் ஒற்றை ஆள் நொண்டியபடி வந்து தன் கதையைச் சிந்து என்னும் எளிய இசைப்பாட்டில் சொல்வான். தாசியிடம் பணத்தை இழப்பது, திருட்டு, குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டப்படுவது, பிறகு மனம் திருந்துவது என்று சட்டகம் பெரும்பாலும் ஒன்றே. மற்ற நொண்டிகளுக்குப் பெரும்பாலும் கோயிலில் கால் வளரும். சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்கா. சிந்து இறுக்கமற்றது, பேசுகிறவனோ திருடன். அதனால் கடைத்தெருவும் காசும் பேச்சுவழக்கும் தாராளமாக நுழைகின்றன. அன்றைய வாழ்க்கையை அறிய வேண்டுமானால் என் ஓட்டு இதற்கே.

ஏட்டில் ஏறாத போட்டியாளர் ஒன்றும் உண்டு: கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள்; கயிறு நகர்வது அந்த வாங்கலில்தான். அச்சிடுகிறவர்கள் ‘ஏலேலோ’வை வெறும் நிரப்பல் என்று வெட்டி, மீதியைச் செய்யுள்போல நான்கடியாக அடுக்கிவிடுகிறார்கள். பாட்டு இருக்கும், வலை நகராது.