ஆள் போகாத எல்லைக்கு முள்கம்பியா, சோலார் மின்வேலியா?

காட்டுயிர் வாழிடத்துக்குள் மாடு நுழையக் கூடாது. ஆனால் வேலியைப் பார்க்க எப்போதாவதுதான் ஆள் போக முடியும். அப்படியென்றால் என் ஓட்டு முள்கம்பிக்கே.

மின்வேலி சீக்கிரம் கட்டலாம், கழற்றி இடம் மாற்றலாம். சரி. ஆனால் அது மாட்டைத் தடுப்பது பலத்தால் அல்ல, ஷாக் அடிக்கும் என்ற பயத்தால். ஈரப்புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலே மின்சாரம் கசியும். மண் காய்ந்தாலோ எர்த் (மின்சாரம் மண் வழியே திரும்பும் பாதை) சரியாகக் கிடைக்காது, மாட்டுக்கு ஷாக் உறைக்காது. பேட்டரி, பேனல் தூசி, திருட்டு எல்லாம் தனித் தலைவலி.

முள்கம்பி மேல் மரம் விழுந்தால் பெரும்பாலும் அந்த இடம்தான் சாயும். கொஞ்சம் கம்பியும் இழுக்கும் கருவியும் இருந்தால் அங்கேயே சரிசெய்யலாம். ஓடை கடக்கும் இடத்தை மட்டும் முதலில் பாருங்கள். வெள்ளத்தில் வரும் சருகும் கிளையும் அடைத்து வேலியையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

முள்கம்பியின் பெரிய குறை, மான் சிக்கிக்கொள்வதுதான். தாண்டும்போது அதன் பின்னங்கால், உச்சியில் உள்ள இரண்டு கம்பிகளுக்கு நடுவே முறுக்கிக்கொள்ளும். அதனால் அந்த இரண்டுக்கும் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். உச்சிக் கம்பி சுமார் 105 செ.மீ. உயரத்தைத் தாண்ட வேண்டாம். அடிக் கம்பி முள்ளில்லாமல், தரையிலிருந்து 40 செ.மீ. மேலே இருந்தால் குட்டிகள் குனிந்து போகும். ஆடும் போகும், அது வேறு கதை.

அடிக்கடி போய்ப் பார்க்க முடிந்த, மேய்ச்சல் எல்லை மாறிக்கொண்டே இருக்கும் இடம் என்றால் மின்வேலியைத் தாராளமாக எடுக்கலாம்.