டெசர்ட் புளூபெல்: நாலு சீசன் வளர்த்த அனுபவம்

கலிஃபோர்னியாவின் பாம் டெசர்ட்டில் எங்கள் வீட்டு வாசலில் புல்தரை கிடையாது, சரளைக் கல்தான். அதில் நாலு வருஷமாக டெசர்ட் புளூபெல் வளர்க்கிறேன். தாவரப் பெயர் ஃபசீலியா கம்பானுலேரியா. இந்தப் பக்கத்துப் பாலைவனத்தின் சொந்தச் செடி. குளிர்கால மழையில் முளைத்து, வெயில் ஏறுவதற்குள் விதைவிட்டுக் காய்ந்துவிடும்.

முதல் வருஷம் பாதியை நானே பிடுங்கிப் போட்டேன். தரையோடு முளைத்த வட்ட இலைகளைக் களை என்று நினைத்துவிட்டேன். நிஜக் களையான சஹாரா கடுகை, செழிப்பாக வருகிறதே என்று தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்! இப்போது குழப்பமில்லை. கடுகின் இலை நீளம், ஆழமாக வெட்டுப்பட்டு நாலாபக்கமும் படுத்திருக்கும். புளூபெல் இலை வட்டம். ஓரத்தில் பல் பல்லாக இருக்கும், தண்டில் சிவப்போடும், தொட்டால் பிசுபிசுக்கும்.

பூத்துவிட்டால் சந்தேகமே வராது. பேனா மை போல அடர்நீல மணி, உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் வெளிர் புள்ளிகள். மலையடிவாரத்தில் இதன் சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு, ஃபசீலியா டிஸ்டன்ஸ். அதன் பூ வெளிறியது, இலை பெரணி மாதிரி, பூங்கொத்து தேள் வாலாகச் சுருளும். நம்மூர்த் தேள்கொடுக்குச் செடி ஞாபகம் வந்தது. தேடினால் இரண்டும் போராஜினேசி குடும்பமாம்.

விதையை மேலாகத் தூவியபோது ஏதோ பத்து முளைத்தது. அடுத்த வருஷம் நவம்பரில் தூவி, மெல்லிசாக மணல் போட்டு மூடினேன். தரை தெரியாமல் வந்தது. இதற்கு இருட்டு வேண்டும். உரம் மட்டும் வேண்டாம். மூன்றாம் வருஷம் ஆசைப்பட்டுக் கம்போஸ்ட் போட்டேன். கீரைப்பாத்தி மாதிரி இலை தள்ளியது, பூ ரொம்பக் குறைவு.

பெரிய குறை, அரிப்பு. வெறுங்கையால் விதை உருவினேன். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டு முழுக்கச் சிவந்து கொப்புளம். இலைத் தண்டிலுள்ள பிசின் முடிதான் காரணம். எல்லோருக்கும் வராது, எனக்கு வந்தது. அதிலிருந்து முழங்கை வரை கையுறை.

பத்துக்கு எட்டு கொடுப்பேன். ஒரு மார்க் அரிப்புக்குப் போச்சு. இன்னொன்று மே மாசத்துக்கு: வாசல் முழுக்கக் காய்ந்த குச்சி, குடியிருப்புச் சங்கத்திலிருந்து "அப்புறப்படுத்தவும்" என்று கடிதம் வரும். காய் வெடித்து விதை உதிர இன்னும் இரண்டு வாரம் ஆகுமே! பதில் எழுதிக்கொண்டே நாளைக் கடத்துவேன்.