மன்னார் முருங்கன் களிமண்ணில் வீடு கட்டப்போகிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

போன வருடம் ஆவணியில் குடிபூரல் செய்தோம். கார்த்திகை மழை தொடங்கி மூன்றாம் கிழமை அறைக்கதவு சாத்த முடியவில்லை. மரம் ஊறிவிட்டது என்று நினைத்து, தச்சரைக் கூப்பிட்டுச் சீவினோம். தைப்பொங்கலுக்குச் சுவரைக் கழுவும்போதுதான் யன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலே ஏறும் வெடிப்பைக் கண்டோம். மகள் ஐந்து ரூபாய்க் குற்றியைச் செருகினாள், விழாமல் நின்றது.

வீட்டைக் கட்டிய கொந்தறாத்துக்காரருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, புது வீடெண்டால் கொஞ்சம் இருந்துதான் அமரும், சீமெந்துப் பால் ஊத்தி விடுங்கோ" என்றார். நானும் ஊற்றினேன், மடையன்.

உண்மையில் வீடு அமரவேயில்லை, ஓரம் மேலே எழும்பியிருக்கிறது. இந்தக் கறுப்புக் களி கோடையில் கை போகிற அளவுக்குப் பிளக்கும், மாரியில் தண்ணீர் குடித்து வீங்கும். பீலி போடாத கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரோரமே விழுந்ததால் வெளிப்பக்க மண் முதலில் வீங்கி அத்திவாரத்தைத் தூக்க, வீட்டு நடுவில் மண் காய்ந்தபடியே இருந்திருக்கிறது. அவர் வவுனியாப் பக்கம் செம்மண்ணில் இரண்டடி கருங்கல் அத்திவாரத்தோடு கட்டிய வீடுகள் நன்றாகத்தான் நிற்கின்றன, அதைப் பார்த்துத்தான் வேலையைக் கொடுத்தேன். மண் வேறு என்பது என் மூளையில் ஏறவில்லை, அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

மாசியில் சுவரோரம் கிடங்கு வெட்டிப் பார்த்தோம். பிளானில் அத்திவாரம் நாலரை அடி ஆழம். இரண்டேகால் அடியிலேயே கல் முடிந்து, கீழே அதே களி. அந்தக் கல்லுக்கு மேலே போட்ட கொங்கிறீற் பீமைக் கொத்தினால் நாலு 12 மில்லிமீற்றர் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் 10, கம்பிகளைச் சுற்றி ஆறு அங்குலத்துக்கு ஒன்று வரவேண்டிய றிங் ஓரடிக்கு மேல் தள்ளித் தள்ளி. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் கல் வைக்காததால் அடிக்கம்பி கல்லிலேயே படுத்திருந்தது, நகத்தால் சுரண்டத் துரு வந்தது. எல்லாவற்றையும் விட மோசம் மூலைதான்: கம்பியை வளைத்து அடுத்த பக்கத்துக்குள் விட்டுக் கட்டாமல், இரண்டு பக்கக் கம்பியும் முட்டிக்கொண்டு நிற்கிறது. வெடிப்பும் அந்த மூலைப் பக்கம்தான்.

அப்புறம் நிலத்துக்குக் கீழே நிரப்பும் கிறவல். ஆறு டிப்பர் என்று காசு வாங்கினார். விறாந்தையை உடைத்தபோது மேலே நாலு அங்குலம்தான் கிறவல், மிச்சம் முழுக்க அத்திவாரத்துக்கு வெட்டிய களி. அந்தக் களியும் வீங்கி விறாந்தை நிலம் நடுவில் புடைத்து, தேங்காய் வைத்தால் உருள்கிறது.

பிழை என்னிலும் உண்டு. கொங்கிறீற் போட்ட அன்று அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்விட்டேன், கம்பியை ஒரு படம்கூட எடுக்கவில்லை, பாதிக் காசை அதற்கு முன்னமே கொடுத்தும் விட்டேன்.

பிறகு வந்து பார்த்த எஞ்சினியர், ஒரு மாரியும் ஒரு கோடையும் போகும்வரை வெடிப்பைப் பூசவேண்டாம், முதலில் தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளுங்கள் என்றார். பீலி பூட்டி, சுற்றிவரச் சீமெந்து போட்டிருக்கிறோம்.

அந்தக் கொந்தறாத்துக்கார மனிசன் இப்போது என் போனை எடுப்பதில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி வேறொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுகிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன், முழங்காலளவுதான். வீட்டுக்கார அக்காவிடம் என்னுடைய அளவு நாடாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.