சீரியல் பிரசவமும் சேலத்துப் பிரசவமும்

சீரியலில் பன்னீர்க்குடம் உடைந்தால் விளம்பரம் முடிவதற்குள் குழந்தை பிறந்துவிடும். டாக்டர் வெளியே வந்து 'தாயா, சேயா' என்பார். அப்புறம் துண்டில் சுற்றிய மூன்று மாதக் குழந்தையைக் காட்டுவார்கள், கொழுகொழு கன்னத்தோடு!

சேலத்தில் என் தங்கைக்கு ராத்திரி 9 மணிக்கு லேசான இடுப்புவலி. பிறந்தது மறுநாள் மத்தியானம். தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆவது சகஜம். கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டுமே. வராண்டாவில் நடக்க வைத்தார்கள். இடுப்பைத் தேய்த்துவிட்டபடி அம்மாவும் கூடவே நடந்தாள். பன்னீர்க்குடம் கடைசியில்தான் உடைந்தது, பெரும்பாலும் அப்படித்தான். பிள்ளை உடம்பெல்லாம் வெண்ணெய் பூசினாற்போல் வெள்ளைப் படலம். நஞ்சுக்கொடி விழும்வரை நர்சம்மா நகரவில்லை. ரத்தப்போக்கு ஆபத்து அப்போதுதான் அதிகம். சீரியலில் நஞ்சுக்கொடி விழுந்து நான் பார்த்ததில்லை.

ஏற்காட்டுக்காரர்கள் பாடு இன்னும் வேறு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். தேதி நெருங்கும்போதே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுபவர்கள் உண்டு.

சரி, அலறல் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். எங்கள் மாப்பிள்ளை ராத்திரி 10 மணிக்கே கேட்டார்: "இன்னுமா பொறக்கல?"