டர்ட் ராலி 2.0, டபிள்யூஆர்சி, டக்கார்: வீட்டில் ஓட்ட எது?

சிங்கப்பூரில் ராலி என்னும் கார்ப் பந்தயம் ஓட்ட ஆசைப்படுபவருக்கு மண் சாலை கிடையாது. காருக்கும் வழி எளிதல்ல: 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்) மட்டும் 150,000 வெள்ளியைத் தாண்டியது, காரின் விலை தனி. அதனால் நம்மில் பலருக்கு ராலி என்றால் கன்சோல்தான்.

இப்போது வாங்க நினைப்பவர் முன்னால் மூன்று விளையாட்டுகளின் பெயர்கள் வந்து நிற்கும். கோட்மாஸ்டர்ஸின் 'டர்ட் ராலி 2.0' 2019-இல் வந்தது. அதே நிறுவனம் 2023-இல் கொடுத்தது 'இஏ ஸ்போர்ட்ஸ் டபிள்யூஆர்சி' (டபிள்யூஆர்சி என்றால் உலக ராலி சாம்பியன்ஷிப்). மூன்றாவது, 2022-இல் சேபர் வெளியிட்ட 'டக்கார் டெசர்ட் ராலி'. ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள், கையில் சாதாரண கன்ட்ரோலர்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு, மூன்றில் வயதான டர்ட் ராலி 2.0-க்கே.

ராலி விளையாட்டில் பாதி ஓட்டம் காதில் நடக்கிறது. அடுத்த வளைவு கண்ணில் படும் முன்பே, வழி சொல்ல உடன் வரும் கோ-டிரைவர் அதைச் சொல்லிவிடுவார். ஒன்று முதல் ஆறு வரை எண்கள். எண் குறையக் குறைய வளைவு கூர்மை. "லெஃப்ட் ஃபோர், டைட்டன்ஸ், டோன்ட் கட்" என்று குரல் வந்தால் மூன்று முடிவுகளை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். நான்காம் எண் வளைவு என்பதால் நல்ல வேகத்திலேயே நுழையலாம். போகப் போக வளைவு இறுகும், ஆகவே பாதியில் பிரேக் தொட இடம் வைத்திருக்க வேண்டும். உள்பக்க ஓரத்தில் கல்லோ பள்ளமோ இருக்கும், அந்தப் பக்கம் சக்கரம் போகவே கூடாது. இதைக் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த வளைவு தொடங்கியிருக்கும். டர்ட் ராலியில் இந்தக் குரல் பில் மில்ஸுடையது. 2003-இல் பெட்டர் சோல்பர்க் உலகப் பட்டம் வென்றபோது பக்கத்து இருக்கையில் குறிப்பு வாசித்தவர் அவர். அந்த அனுபவம் குரலில் தெரிகிறது. எந்தச் சொல்லில் அழுத்தம் வேண்டுமோ அங்கே அழுத்துகிறார். ஆங்கிலம்தான் என்றாலும் நாலைந்து மாலைகளில் காது பழகிவிடும்.

அடுத்தது மண். டர்ட் ராலி 2.0-இல் நமக்கு முன்னால் போன கார்கள் சாலையை உழுதுவிட்டுப் போகின்றன. பின்வரிசையில் புறப்பட்டால் அந்தத் தடங்கள் ஆழமாக இருக்கும், முன்சக்கரத்தை அவை தம் பக்கம் இழுக்கும். இந்த இழுப்பு கன்ட்ரோலரின் அதிர்விலேயே தெரிகிறது என்பதுதான் பெரிய விஷயம். டயரும் தேயும், மென்மையானதா கடினமானதா என்று புறப்படும் முன்பே யோசித்தாக வேண்டும். அர்ஜென்டினாவின் கட்டமார்கா ஸ்டேஜ்களில் (ஸ்டேஜ் என்பது ராலியின் ஒரு தனிப் பகுதி) சாலை குறுகல், ஓரமெல்லாம் பாறை. அங்கே ஒரு கார் அகலம் தவறினாலும் பஞ்சர்தான். இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் நம்மை ஏமாற்றுவதில்லை. கவிழ்ந்தால் ஏன் கவிழ்ந்தோம் என்பது அடுத்த நொடியே புரியும். தார்ச்சாலையில் மட்டும் கார் கொஞ்சம் மிதக்கிறது, அது அதன் பலவீனம்.

டபிள்யூஆர்சி அந்த இடத்தில்தான் முந்துகிறது. தார்ச்சாலைப் பிடி இதில் நன்றாக இருக்கிறது. நாடுகளும் அதிகம், பழைய கார்களின் வரிசையும் பெரிது, சொந்தமாக ஒரு ராலி காரை வடிவமைக்கவும் முடியும். இதன் தனிப் பெருமை நீளம். டர்ட் ராலியின் நீண்ட ஸ்டேஜ்களே 16 கி.மீ. அளவில் நின்றுவிடும், இதில் 30 கி.மீ.-ஐத் தாண்டியவை உண்டு. துவாஸிலிருந்து சாங்கி வரை போகும் பிஐஇ விரைவுச்சாலை மொத்தமே 43 கி.மீ.தான். அதில் முக்கால்வாசி தூரத்தை ஒரே கவனத்தில், காட்டுப்பாதையில், ஒரு தவறுகூட இல்லாமல் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். முடித்து இறங்கும்போது தோள்பட்டை வலிக்கும், மனம் நிறைந்திருக்கும். வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் விளையாடுபவருக்கு மட்டும் இந்த நீளம் எப்போதும் ஒத்துவராது. வெளிவந்த புதிதில் படம் தடுமாறுகிறது என்ற குறை பெரிதாகப் பேசப்பட்டது. 2025-இல் கோட்மாஸ்டர்ஸ் இதற்கு மேல் விரிவாக்கம் இல்லை என்று அறிவித்தும்விட்டது, ஆகவே இருப்பதுதான் முழு விளையாட்டு.

சிலர் 2022-இல் வந்த 'டபிள்யூஆர்சி ஜெனரேஷன்ஸ்' பற்றிக் கேட்பார்கள். 22 நாடுகள், ஹைப்ரிட் கார்கள் எல்லாம் சரி. சாலையின் உணர்வில் மேலே சொன்ன இரண்டுக்கும் பின்னால்தான் நிற்கிறது.

டக்கார் வேறு சாதி. இதில் சாலையே கிடையாது. சவூதி அரேபியாவின் பாலைவனம் திறந்து கிடக்கிறது. கார், மோட்டார் சைக்கிள், லாரி என எதில் வேண்டுமானாலும் போகலாம். எளிய நிலையில் போகும் வழியைத் திரையே காட்டிவிடும். கடினமான நிலைக்குப் போனால் ரோட்புக்தான் துணை: இத்தனை கி.மீ.-இல் இந்தத் திசை, இங்கே பள்ளம், அங்கே மணல்மேடு என்று குறிப்புகள். செங்காங்கில் அக்கா வீட்டில் இதை எப்போதும் இருவராகத்தான் ஓட்டுவோம். நான் ஓட்ட, அக்கா மகன் டிவி பக்கத்தில் உட்கார்ந்து ரோட்புக்கை வாசிப்பான். "மாமா, இன்னும் அரை கிலோமீட்டர்ல ரைட்டு, மெதுவா, பள்ளம் இருக்கு!" பத்து வயதுப் பையனுக்கு அந்தப் பொறுப்பு அவ்வளவு பிடித்திருக்கிறது. தனியாக ஓட்டினால் சில இடங்கள் வெறும் மணலாக நீள்கின்றன, காரின் எடையும் நம்பும்படி இல்லை. குடும்பமாக உட்கார்ந்து விளையாட மட்டும் மூன்றில் இதுதான் முதலிடம்.

ஸ்டீயரிங் வாங்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வீவக அடுக்குமாடி வீட்டில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங்கை (சாலையின் இழுப்பைக் கைக்குத் திருப்பித் தருவது) மேசையில் பொருத்தினால் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும், பெடலை மிதிக்கும் சத்தமும் அப்படியே. இரவு பத்தரைக்கு மேல் அது அக்கம்பக்கத்துக்குத் தொல்லை. கன்ட்ரோலரே போதும். டர்ட் ராலியின் அமைப்புகளில் ஸ்டீயரிங் லீனியாரிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் மாற்றினால் குச்சியின் சிறு அசைவுக்குக் கார் வெடுக்கென்று திரும்பாது. நேர்சாலையில் நெளிவதும் அடங்கும்.

பழைய தட்டு வாங்குபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். டர்ட் ராலி 2.0-இன் அடிப்படைப் பதிப்பில் ஆறு இடங்கள்தான். பின்லாந்து, வேல்ஸ், சுவீடன் எல்லாம் பிறகு தனியாக வந்தவை. இன்னொன்று, அதன் கெரியர் பகுதிக்கு இணைய இணைப்பு கட்டாயம். வாங்கியதும் வேகமான காரில் ஏறாதீர்கள். லான்சியா ஃபுல்வியாவை எடுத்துக்கொண்டு நியூசிலாந்தில் தொடங்குங்கள். சாலை அகலம், கார் மெதுவு, பில் மில்ஸ் சொல்வதைக் கேட்க நேரம் இருக்கும். கட்டமார்காவுக்கு அப்புறம் போகலாம்.