வீட்டுக் கத்திக்கு எந்தச் சாணை வாங்கலாம்? நான் வாங்கிப் பார்த்தவை

தக்காளியில் கத்தியை வைத்தால் தோல் அறுபடாமல் அமுங்கி, சாறு மட்டும் பலகையெல்லாம் ஓடுகிறதா? கத்தி மழுங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினோம். மொண்ணைக் கத்தி என்றால் கையை வெட்டாது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கூர் இல்லாத கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருக்கிறது, அழுத்துகிற வேகத்தில் அது வழுக்கினால் நேராக விரலில்தான் இறங்கும். சேனைக்கிழங்கு நறுக்கும்போது என் மனைவிக்கு ஆள்காட்டி விரலில் இரண்டு தையல் போட வேண்டி வந்தது அப்படித்தான். அதற்கப்புறம் ஒன்றரை வருடத்தில் நான்கு விதமான சாணை வாங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது எல்லாரும் வாங்குகிற அதே இழுப்புச் சாணை. பிளாஸ்டிக் கைப்பிடி, மூன்று பிளவு, கத்தியைச் செருகி நம் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்த அன்று தக்காளி வெண்ணெய் மாதிரி அறுபட்டது, வீடே சந்தோஷப்பட்டது. நான்காம் நாள் பழைய கதை. மறுபடி இழு, மறுபடி நாலு நாள். காரணம் எளிது: முதல் பிளவில் குறுக்காக இருக்கும், கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான இரண்டு தகடுகள் கத்தியைத் தீட்டுவதில்லை, இரும்பைச் சுரண்டி எடுக்கின்றன. விளிம்பு ரம்பப் பல் மாதிரி ஆகிறது, அந்தப் பல் சீக்கிரம் மடங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் என் கத்தியின் அகலம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. கைப்பிடிக்கு ஒட்டிய கடைசி அரை அங்குலம் பிளவுக்குள் போகாததால் அது மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. நடுவில் குழி, அடியில் மேடு. அப்படிப்பட்ட கத்தியால் கொத்தமல்லி நறுக்கினால் இலை முழுதாக அறுபடாமல் நார் நாராகத் தொங்கும்.

அடுத்தது தீட்டுகிற கம்பி. கறிக்கடையில் பாய் இரண்டு துண்டுக்கு ஒரு தரம் கத்தியை ஒரு கம்பியில் சரக் சரக்கென்று இழுப்பாரே, அதே கம்பிதான். இது சாணை இல்லை, அதைப் புரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். கத்தியின் விளிம்பு வெட்ட வெட்ட ஒரு பக்கமாகச் சாயும், கம்பி அதை நிமிர்த்தி விடும், அவ்வளவுதான். தேய்ந்தே போன கத்தியை எத்தனை முறை இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் நம் வீடுகளில் இருக்கும் எவர்சில்வர் கத்திகள் மென்மையான எஃகு, சீக்கிரம் சாயும், சீக்கிரம் நிமிரும், அதனால் கம்பி நமக்கு ரொம்பவே உபயோகம். சமையலுக்கு முன்னால் பக்கத்துக்கு நாலு இழுப்பு, அழுத்தம் வேண்டாம். கடினமான ஜப்பானியக் கத்தி வைத்திருப்பவர்கள் மட்டும் வரி போட்ட இரும்புக் கம்பியைத் தவிர்க்கவும், விளிம்பு சில்லு சில்லாக உதிரும்.

அப்புறம் கல். என் ஓட்டு இதற்குத்தான்.

ஹார்டுவேர் கடையில் "கார்போரண்டம் கல்" என்று கேட்டால் எட்டு அங்குல நீளத்தில் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் கொஞ்சம் நைஸ். கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. சென்னையில் 1954இல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நான் 250 ரூபாய் கொடுத்தேன். அரிவாள், மண்வெட்டிக்கு அருமையான கல், சமையல் கத்திக்கும் அவசரத்துக்கு ஆகும், ஆனால் விளிம்பு கொஞ்சம் முரடாகத்தான் வரும். அதனால் பிறகு, ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று எண் உள்ள நீர்க்கல், அதாவது தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டுகிற கல் ஒன்று வாங்கினேன். எண் ஏற ஏறக் கல் நைசாகும். 1000, 6000 சேர்ந்த கல்லையும் நிறைய விற்கிறார்கள், நம் கத்திகளுக்கு 6000 தேவையே இல்லை, அந்த மெருகு இரண்டு நாள் சமையலில் போய்விடும். மழுங்கிய கத்தியை மீட்க 400தான் வேண்டும்.

கல் என்றதும் எல்லாரும் பயப்படுவது கோணத்துக்கு, அதாவது கத்தியைக் கல்லில் எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பதற்கு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: கத்தி 4 செ.மீ. அகலம் என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 1.4 செ.மீ. உயரத்தில் இருந்தால் 20 டிகிரி வந்துவிடும். 2 செ.மீ. அகலமுள்ள சின்னக் கத்திக்கு 0.7 செ.மீ. போதும். முதல் சில தடவை அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், அப்புறம் கைக்கே பழகிவிட்டது. கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் போடுங்கள், குமிழி நின்றதும் எடுத்து, நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்து வையுங்கள். ஒரே பக்கத்தை நிதானமாகத் தேய்த்தால் மறுபக்க விளிம்பில் ஒரு பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்பைத் தாண்டுகிற திசையில் மெல்லத் தடவினால் தட்டுப்படும். விளிம்பு நெடுக விரலைக் கொண்டுபோகக் கூடாது. பிசிறு முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பாதியில் விட்டுவிட்டு "கல் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான். கல்லில் சேரும் கறுப்புச் சேற்றை அடிக்கடி கழுவ வேண்டாம், அதுவும் சேர்ந்துதான் தீட்டுகிறது. முதல் நாள் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரு கத்திக்குப் பத்து நிமிடம்.

நான்காவது, மின்சாரச் சாணை. சத்தம், விலை, இரும்பு வீணாவது மூன்றும் அதிகம். வீட்டுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீட்டிய கத்தியை கிரானைட் மேடையிலேயே வைத்து வெட்டினால், அல்லது எவர்சில்வர் தட்டில் வைத்து மாம்பழம் நறுக்கினால், ஒரே வாரத்தில் உழைப்பெல்லாம் போச்சு. மரப்பலகை போதும். கழுவுகிற தொட்டியில் பாத்திரங்களோடு கத்தியைப் போடவும் வேண்டாம்.

அம்மாவுக்கு மட்டும் நான் கல் வாங்கித் தரவில்லை. அவருக்கு மணிக்கட்டு வலி, குனிந்து நின்று தேய்க்க முடியாது. முன்பெல்லாம் துவைக்கிற கல்லிலோ பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடி வளையத்திலோ தேய்த்துக்கொள்வார், பளபளப்புப் பூசாத அந்த வளையம் உண்மையிலேயே நல்ல சாணை. இப்போது என்னுடைய பழைய இழுப்புச் சாணைதான் அவரிடம் இருக்கிறது, கார்பைடு பிளவை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, பீங்கான் பிளவை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தரம் மூன்று இழுப்பு, அழுத்தாமல். அவர் கத்தி நன்றாகவே இருக்கிறது. கை முடியாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அரிவாள்மனைக்கு இது எதுவும் சரிவராது. அதன் வளைவுக்கு நேரான கல் பொருந்தாது, கால் மிதித்துச் சக்கரம் சுற்றுகிற சாணைக்காரர் தெருவில் வரும்போது அவரிடம்தான் கொடுக்கிறேன். போன மாதம் 50 ரூபாய் வாங்கினார். அடுத்த நாள் வாழைப்பூ அரிந்த அம்மா அவர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்டார், இரண்டாவது அரிவாள்மனை ஒன்று பரணில் கிடக்கிறதாம்.